மருந்து என்றொரு சொல்

தமிழில் ஒரு சொல் தன் பொருளை விட்டு விலகி நடப்பது புதிதன்று. நாற்றம் என்ற சொல்லுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'மருந்து' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் நேர்ந்திருப்பது வெறும் பொருள் மாற்றமாகத் தோன்றவில்லை. திருக்குறளில் மருந்து என்ற பெயரிலேயே ஓர் அதிகாரம் உண்டு. சாவை விலக்கும் அமுதத்தையும் வள்ளுவர் மருந்து என்றே குறிப்பார். இன்று பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் "நாளைக்கு மருந்து அடிக்கணும்" என்றால் வயலுக்கு நஞ்சு தெளிக்க வேண்டும் என்று பொருள். "மருந்தைக் குடிச்சிட்டான்" என்று ஒரு குரல் கேட்டால் என்ன மருந்து, என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. வண்டி பிடிக்க ஓடுகிறார்கள். காய்ச்சலுக்கு உண்பதைச் சொல்ல மாத்திரை, ஊசி, டானிக் என்று வேறு சொற்கள் வந்துவிட்டன. மருந்து என்ற சொல் முழுவதுமாக வயலுக்குப் போய்விட்டது.

பூச்சிமருந்து என்பதை இலக்கணப்படி விரித்தால் 'பூச்சிக்கு மருந்து' என்று வரும். பூச்சியின் நோய் தீர்ப்பது என்றாகும். வகுப்பில் வேற்றுமைத்தொகை நடத்தும்போது இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பவர்களில் பாதிப்பேர் உழவர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் அந்தச் சிரிப்பு விரைவில் அடங்கியும் விடும். அரசு அலுவலகத் தமிழ் பூச்சிக்கொல்லி என்கிறது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் அது நேர்மையான சொல். இயற்கை உழவர்கள் பூச்சிவிரட்டி என்கிறார்கள். இந்த மூன்று சொற்களில் எது வேப்பங்கொட்டைச் சாற்றுக்குப் பொருந்தும் என்ற கேள்வி எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. எங்களுக்கு அது சொல்லாராய்ச்சி மட்டுமன்று.

அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவர். அண்ணன் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தோடு இருந்துகொண்டார். தமிழ் முதுகலை முடித்து விரிவுரையாளராகப் போனது இளையவர், இதை எழுதுகிறவர். 2004-இல் பருத்தி பொய்த்த ஆண்டில் எங்கள் தாய்மாமன் ஒருவர் இறந்தார். எப்படி என்று இங்கே விரித்துச் சொல்ல விருப்பமில்லை. மேலே சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதும். எங்களைப் பின்னாளில் வருத்தியது ஒன்றே ஒன்று. அன்று வீட்டில் நடந்தது ஒரு சாதாரணச் சண்டை. அரைமணி நேரம் கழிந்திருந்தால் அவரே எழுந்து வந்து சோறு கேட்டிருப்பார் என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறார். சிவப்பு முக்கோணம் அச்சிட்ட அந்தக் குப்பி அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில், எட்டும் தூரத்தில் இருந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் அண்ணி ஒரு சட்டம் போட்டார்: "எந்த மருந்தும் இந்த வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது." அண்ணன் அதை ஏற்றார். பயிரைப் புழுவிடமிருந்து எப்படிக் காப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து தொடங்கியது.

அண்ணியின் சட்டத்துக்கு வெளியுலகில் சான்று இல்லாமலில்லை. 2013 ஜூலையில் பீகார் மாநிலத்தில் சரண் மாவட்டப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. 2023 தொடக்கத்தில் தமிழக அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனையை 60 நாள்களுக்கு நிறுத்தியது. அந்த ஆணை பயிர்களைப் பற்றியதன்று, தற்கொலைகளைக் குறைப்பது பற்றியது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அண்ணிக்கு அரசாணைக்கு முன்பே தெரிந்திருந்தது.

புழுவுக்கு வருவோம். பருத்தியையும் துவரையையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு, நிலக்கடலையையும் புகையிலையையும் மேயும் புரொடீனியா வெட்டுப்புழு இரண்டும் எங்கள் தலைமுறைக்குப் பழக்கமானவை. 2018-இல் மூன்றாவதாகப் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி அது. 2016-இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018 மே மாதத்தில் கர்நாடகத்தில் காணப்பட்டு, அதே பருவத்தில் எங்கள் மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்தது. தலையில் கவிழ்த்த ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த அடையாளங்களை ஊரில் சிறுவர்கள்கூட ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டு எங்கள் மூன்று ஏக்கரில் கதிர் பிடித்தது மூன்றில் ஒரு பங்குதான். அக்கம்பக்கத்தில் கிடைத்ததையெல்லாம் கலந்து அடித்தவர்களுக்கும் பெரிதாக மிஞ்சவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2017-இல், மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களுமாக இருபது பேர் வரை மூச்சில் நஞ்சேறி மாண்டிருந்தார்கள். ஆளுயரப் பயிருக்குள் நின்று தலைக்குமேல் தெளிப்பதில் உள்ள ஆபத்தை எங்கள் ஊர்க்காரர்கள் அந்தச் செய்தியோடு பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. அண்ணன் பார்த்தார்.

அடுத்த ஆண்டு அவர் வேப்பங்கொட்டைக்குத் திரும்பினார். திரும்பினார் என்று சொல்லக் காரணம், எங்கள் தாத்தா காலத்தில் அது இருந்தது என்பதுதான். ஆனால் தாத்தா காலத்தில் அது பெரும்பாலும் குதிரில் வேப்பிலை போடுவதாகவும், வயலுக்கு வேப்பம்பிண்ணாக்கு இடுவதாகவும் இருந்ததே ஒழிய, அளந்து கரைத்துத் தெளிப்பதாக இருக்கவில்லை. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குவோருக்கு இது உவப்பாக இராது. அறிந்திருந்தது உண்மை. அதோடு இடைக்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் கூடுதலாக அறியப்பட்டது எவ்வளவோ இருக்கிறது.

1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டெரர் அங்கே இருந்தார். பச்சை என்று பெயர் சொல்ல எதையும் விட்டுவைக்காத அந்தக் கூட்டம் வேப்பமரங்களில் மட்டும் இறங்கிவிட்டுத் தின்னாமல் போனதை அவர் கண்டார். 1962-இல் தில்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பிரதானும் அவர் துணைவர்களும் வேப்பங்கொட்டைப் பருப்பை நீரில் கரைத்துப் பயிரில் தெளித்து, வெட்டுக்கிளி அதைத் தொடுவதில்லை என்று காட்டினர். 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர் அந்தக் கசப்பின் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுதான் அசாடிராக்டின். அதன் அமைப்பை முழுமையாக அறிய 1985 வரை ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே என்பவரின் குழு அதைச் செயற்கையாகக் கட்டி முடித்தது 2007-இல். இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு. எங்கள் களத்துமேட்டு மரம் இதே வேலையை ஆண்டுக்கொருமுறை ஆனி மாதத்தில் செய்து கீழே உதிர்த்துவிடுகிறது.

அசாடிராக்டின் செய்யும் வேலையைப் படித்தபோதுதான் கொல்லியும் விரட்டியும் இரண்டுமே முழுதாகப் பொருந்தாத சொற்கள் என்று பட்டது. புழுவின் வாயருகே சுவையறியும் நுண்மயிர்கள் உள்ளன. சிலவற்றில் இனிப்பை உணரும் நரம்பும், சிலவற்றில் 'தின்னாதே' என்று சொல்லும் நரம்பும் உண்டு. அசாடிராக்டின் பட்டால் இரண்டாவது நரம்பு துடிக்கிறது, முதலாவது மங்கிப்போகிறது. இலையில் இனிப்பு இருந்தும் புழுவுக்கு அது இனிப்பதில்லை. காதல் இருந்தால் வேப்பங்காயும் இனிக்கும் என்பதைக் குறுந்தொகைத் தோழி தலைவனுக்கு நினைவூட்டுவாள். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. புழு ஓடிப்போவதில்லை. இலையிலேயே இருந்துகொண்டு பட்டினி கிடக்கிறது.

அதையும் மீறிச் சிறிது தின்றால் வேறொன்று நடக்கிறது. புழு வளர வேண்டுமானால் தோலுரிக்க வேண்டும். தோலுரிப்பதற்கு அதன் உடலில் ஒரு சுரப்பு உரிய வேளையில் எழ வேண்டும். அசாடிராக்டின் அந்த வேளையைக் குலைத்துவிடுகிறது. பழைய தோல் பாதி கழன்றும் கழலாமலும் புழு சுருண்டு கிடக்கும். தப்பிப் பிழைத்துக் கூட்டுப்புழுவானாலும் சிறகு கோணிய அந்துப்பூச்சியாக வரும். முட்டையும் குறையும். இதற்கெல்லாம் நாள்கள் ஆகும். மாலையில் தெளித்துவிட்டுக் காலையில் செத்த புழுவைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான். முதல் ஆண்டில் பக்கத்து வயல்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, புழு நல்லா உசுரோடதான் கெடக்கு" என்றார். அண்ணன், "உசுரோடதான் கெடக்கும். இலையப் பாரு" என்றார். புதிதாக விரிந்த இலைகளில் ஓட்டை குறைந்திருந்தது. கொல்வதைக் கண்ணால் கண்டு பழகியவர்களுக்கு, தின்னாமல் இருப்பதைக் காணப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

செய்முறை கடினமன்று, ஆனால் பொறுமை கேட்பது. ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைச் சதை நீக்கி நிழலில் உலர்த்திச் சணல் சாக்கில் வைக்க வேண்டும். பூசணம் பிடித்துக் கறுத்த விதை ஆகாது. மூன்று மாதத்துக்குக் குறையாத, எட்டு மாதத்துக்கு மேற்படாத விதையே நல்லது என்பது வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்லும் கணக்கு. மானாவாரி மக்காச்சோளம் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கப்படுவதால் எங்களுக்கு அது தானாகவே அமைந்துவிடுகிறது. 5 கிலோ பருப்பை இடித்துப் பத்து லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துத் தெளிப்பார்கள். வெயில் அசாடிராக்டினைச் சில நாள்களில் சிதைத்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். எட்டுப் பத்து நாளில் மறுபடியும்.

இது எல்லாப் புழுவுக்கும் எல்லா வயதிலும் பலிக்கும் என்று எழுதினால் அது பொய். படைப்புழு குஞ்சுப் பருவத்தில் இலையின் பச்சையத்தைச் சுரண்டி வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடிபோல் ஆக்கும். அப்போது தெளித்தால் பலன் தெரியும். நான்காம் ஐந்தாம் பருவத்துக்கு வளர்ந்து குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்ட புழுவுக்கு வேப்பங்கொட்டைச் சாறு ஒரு பொருட்டேயில்லை. 2020-இல் மழையால் பத்து நாள் வயலுக்குள் இறங்க முடியாமல் போய், அந்த நிலை வந்தது. வேளாண்துறை பரிந்துரைத்த எமாமெக்டின் பென்சோயேட்டைத்தான் அண்ணன் தேடிப்போனார். அன்று வீட்டில் நடந்த வாக்குவாதம் சின்னதன்று. முடிவில் அண்ணி விதித்த நிபந்தனைப்படி ஒரு நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி, வயலிலேயே கலந்து, வயலிலேயே முடித்து, காலிக் குப்பியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த எமாமெக்டினும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் சுரப்பிலிருந்து பிறந்ததுதான் என்று பின்னர் படித்தபோது, இயற்கை, செயற்கை என்று நாம் போடும் கோடு எவ்வளவு மெலிது என்று தோன்றியது.

இந்தக் கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாவரத்திலிருந்து வருவது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. புகையிலையின் நிகோடின் தாவரப் பொருள்தான். அதைவிடக் கொடிய பூச்சிக்கொல்லிகள் சிலவே. டெர்ரிஸ் வேரின் ரொட்டினோனை உலகெங்கும் இயற்கைத் தோட்டக்காரர்கள் நம்பித் தூவிக்கொண்டிருந்தார்கள். எலிகளுக்கு அதைத் தொடர்ந்து ஏற்றியபோது பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் தோன்றியதாக 2000-இல் ஆய்வு வந்தது. வேம்பும் விலக்கன்று. மலேசியாவில் இந்தியக் குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் நேர்ந்த நஞ்சேற்றத்தை அந்நாட்டு மருத்துவர்கள் 1981-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். எங்கள் வீட்டில் வேப்பெண்ணெய் இப்போதும் மேல் பரணில்தான் இருக்கிறது.

சாமந்தி இனத்துப் பூவொன்றிலிருந்து வரும் பைரித்ரத்தின் கதை வேறொன்றைக் கற்பிக்கிறது. அந்தப் பூவின் நஞ்சை வெயிலில் சிதையாதபடி திருத்திப் பைரித்ராய்டுகளாக்கியது இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வுநிலையம். எழுபதுகளில் வந்த அந்தப் பொருள்களை எண்பதுகளில் ஆந்திரத்துப் பருத்தி வயல்களில் விடாமல் தெளித்தார்கள். 1987-இலேயே பச்சைக் காய்ப்புழு அவற்றுக்கு அசையாமல் நின்றது. பருத்தி அழிந்தது, கடன்பட்ட உழவர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒரே பொருளைக் கொண்டு ஓயாமல் அடித்தால், அதற்குத் தாக்குப்பிடிக்கும் சில புழுக்கள் மட்டும் எஞ்சி, அவற்றின் குஞ்சுகளே வயலை நிறைக்கின்றன.

வேப்பங்கொட்டையில் இந்த ஆபத்து குறைவு என்று நம்ப ஓர் ஆய்வு இடம் தருகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாம்ஃபோர்ட், இஸ்மன் என்பவர்கள் நம் புரொடீனியா புழுவை எடுத்துக்கொண்டார்கள். தனித்துப் பிரித்த அசாடிராக்டினைப் பூசிய இலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது புழு பழகிக்கொண்டு தின்னத் தொடங்கியது. அதே அளவு அசாடிராக்டின் உள்ள வேம்புச் சாற்றைப் பூசியபோது பழகவில்லை. சாற்றில் அசாடிராக்டினோடு சலான்னின், நிம்பின் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒன்றுக்குப் பழகினாலும் எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பழகுவது புழுவுக்குக் கடினம். 300, 1500, 10,000 பிபிஎம் என்று அளவிட்டுக் கடையில் விற்கும் குப்பிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தரம் உறுதியான குப்பி பலருக்குத் தேவை. மரத்துக்கு மரம் விதையின் வீரியம் மாறுகிறது. ஆயினும் இடித்துக் கரைத்த சாறு ஏழைக்கு ஏற்ற மலிவுச் சரக்கு என்ற இளக்காரத்துக்கு அந்தப் புழுக்கள் இடம் தரவில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி உண்டு.

இங்கே வாசகர்களில் சிலர் காப்புரிமை வழக்கை எதிர்பார்க்கக்கூடும். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேப்பெண்ணெய் பற்றி அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் 1994-இல் ஐரோப்பாவில் வழங்கப்பட்ட காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டு, மேல்முறையீடும் 2005 மார்ச் 8-இல் தள்ளுபடியாயிற்று. நம் மேடைகளில் அது பூச்சிவிரட்டிக்கான காப்புரிமை என்றே சொல்லப்படுகிறது. உண்மையில் அது பயிர்களில் வரும் பூசண நோய்களைத் தடுப்பது பற்றியது. வெற்றி வெற்றிதான், ஆனால் அதனால் ஒரு கிலோ வேப்பமுத்துகூட எங்கள் ஊரில் கூடுதலாகப் பொறுக்கப்படவில்லை.

உண்மையான முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கிறது. முன்பு ஆனி பிறந்தால் பெண்களும் பிள்ளைகளும் கூடை எடுத்துக்கொண்டு விடியலில் மரத்தடிகளுக்குப் போவார்கள். இப்போது மரங்கள் இருக்கின்றன; பொறுக்க ஆளில்லை. நூறுநாள் வேலையில் கிடைக்கும் கூலி இதில் கிடைக்காது. 2015-இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று நடுவண் அரசு விதித்தபின், பொறுக்கியதையும் வாங்கிக்கொள்ள வியாபாரி வாசலிலேயே நிற்கிறார். எங்கள் பெரியம்மா ஒருவர்தான் இன்னும் விடாமல் சேர்க்கிறார். சொந்தம் என்பதற்காக விலையைக் குறைத்துக்கொள்பவர் அல்லர். "யாவாரி என்ன வெல குடுக்கிறானோ அத நீயும் குடு, தம்பி. மரம் சும்மா குடுக்குது, என் இடுப்பு சும்மா குடுக்குதா?" என்று அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். நியாயமான கேள்விதான்.

மூன்று ஏக்கருக்கு இரண்டு தெளிப்புக்கு 30 கிலோ பருப்பு வேண்டும். விதையில் ஏறக்குறையப் பாதிதான் பருப்பு என்பதால் 60 கிலோ முத்து சேர வேண்டும். இந்த ஆனியில் பெரியம்மா கொண்டுவந்தது 41 கிலோ. மீதிக்குக் கல்லூரி வளாகத்தில் பதினோரு மரங்கள் இருக்கின்றன. விடுதி மாணவர்கள் நால்வர் தாங்களாகவே சாக்கோடு வந்தார்கள். ஒருவன், "ஐயா, இது மருந்துக்கா?" என்று கேட்டான். ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. மக்காச்சோளத்துக்கு என்று மட்டும் சொன்னோம். காலை ஆறு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு பெருக்க வரும் அம்மாள் பழத்தையும் சருகையும் ஒன்றாகக் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்.